அண்ணே... ஒரே ஒரு ரவுண்டு!

கொடைக்கானல் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏரி, கோக்கர்ஸ் வாக், பில்லர் ராக்ஸ் என்று சுற்றிவிட்டு, ஹோம்மேட் சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கொஞ்சம் 'கெத்து' பார்ட்டிகள் மட்டும் பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று வண்டியை விரட்டும். நாங்களும் அப்படி ஒரு கெத்து பார்ட்டிதான். நாலு பேர், மூணு பைக். அதில் ஒன்று மட்டும் நண்பனின் புத்தம் புது அட்வெஞ்சர் பைக். உசரமான சீட், மூக்கு நீட்டின மட்கார்டு, பாறையில் ஏறுகிற மாதிரி குமிழ் குமிழாக டயர். கிட்டத்தட்ட குதிரை!

சில வருஷத்துக்கு முன்னாடி நடந்த கதை இது. எங்கே நின்றாலும் அந்த பைக்குக்குத்தான் கூட்டம். கவுஞ்சியில் டீ குடிக்க நிறுத்தினோம். ரெண்டு நிமிஷத்தில் ஊர்ப் பசங்க சுற்றி வந்துவிட்டார்கள். "எவ்ளோண்ணே விலை?", "எவ்ளோண்ணே போகும்?" கேள்வி மேல கேள்வி. நம்ம ஆளுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. டீ டம்ளரை வைத்துவிட்டு, அந்தச் சரிவான தெருவில் ஆக்ஸிலேட்டரை முறுக்கி, நின்றுகொண்டே ஒரு ரவுண்டு அடித்துக் காட்டினான். பசங்க விசில். நாங்களும் விசில்.

அதில் ஒரு பையன், ஒன்பதாவது படிப்பானோ என்னவோ, பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே... ஒரே ஒரு ரவுண்டுண்ணே. எனக்கு ஓட்டத் தெரியும்ணே. அப்பா வண்டில பூண்டு மூட்டையே ஏத்திட்டுப் போவேன்."

என் நண்பன் எங்களைப் பார்த்தான். நாங்க யாரும் 'வேணாம்டா' என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சாவி கை மாறியது.

அவனுக்கு ஓட்டத் தெரியும் என்பது உண்மைதான். கிளட்ச், கியர் எல்லாம் பழகின கை. ஆனால் கால்தான் தரைக்கு எட்டவில்லை. மேட்டில் ஏறி, திரும்பி, இறக்கத்தில் வந்தான். கேரட் மூட்டையிலிருந்து கொட்டின சேறு ரோட்டில் இழுகிக் கிடந்தது. பிரேக்கைப் பிடித்தான். வண்டி பையனை விட்டுவிட்டுத் தனியாகச் சறுக்கிக்கொண்டு போய், ஒரு வீட்டு வாசல் திண்ணையில் முட்டி நின்றது. திண்ணைக்குக் கீழே உட்கார்ந்து முறத்தில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்த அப்பத்தாவின் காலுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. முறம் பறந்து, தெரு முழுக்கப் பூண்டு.

பையனுக்கு முழங்கை, முட்டியெல்லாம் தேய்ந்து ரத்தம். அதோடு போச்சு. அப்பத்தா எழுந்து அவனைத் தூக்கிவிட்டது, தட்டிவிட்டது. பிறகு எங்களைப் பார்த்துக் கத்தவே இல்லை. மெதுவாக ஒன்று மட்டும் கேட்டது.

"இது பதினாலு வயசுப் பய. உங்களுக்கெல்லாம் எத்தனை வயசுப்பா?"

யாருக்கும் வாய் வரவில்லை. குனிந்து பூண்டு பொறுக்கினோம்.

மண்ணுக்குப் பிறந்த வண்டி

திரும்பி வந்த பிறகு என் மண்டையைக் குடைந்த கேள்வி, 'ஓட்டத் தெரிந்த பையன் ஏன் விழுந்தான்?' என்பதுதான். கொஞ்சம் தோண்டியபோது கிடைத்த பதில், ஆஃப்-ரோடு வண்டி வாங்கத் துடிக்கிற ஒவ்வொருத்தரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஆஃப்-ரோடு வண்டி என்பது மண், கல், சேறு இவற்றுக்காகவே பிறந்தது. குமிழ் டயர் சேற்றைக் கவ்வும். ஆனால் தார் ரோட்டில் அந்தக் குமிழ்களின் உச்சி மட்டும்தான் தரையைத் தொடும். தொடுகிற பரப்பு குறைந்தால் பிடிப்பும் குறையும். ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வண்டி உசரமாக இருப்பதால் அதன் எடையின் மையமும் மேலே இருக்கும். சரிவான தெருவில் லேசாகச் சாய்ந்தாலும், கால் எட்டாத பையனால் தாங்கிப் பிடிக்க முடியாது. நாம் பார்த்த பைக் எடை கிட்டத்தட்ட 180 கிலோ. அந்தப் பையன் அதில் கால்வாசி இருந்தால் அதிகம்.

இது பைக் கதை. மோட்டோகிராஸ் டர்ட் பைக் இன்னும் மோசம். பந்தயத் தடத்துக்கென்றே செய்யப்படுவது என்பதால் அதில் ஹெட்லைட் கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, கண்ணாடி கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது. அதாவது தெருவில் ஓட்ட அந்த வண்டிக்கே தகுதி இல்லை.

ரிசார்ட்டுகளில் நாலு குண்டு டயரோடு நிற்குமே ஏ.டி.வி., அதைப் பார்த்து 'நாலு சக்கரம் இருக்கு, விழாது' என்று நினைப்போம். அங்கேதான் சறுக்கல். பல ஏ.டி.வி.க்களில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்தே சுற்றும். காரில் இருக்கிற மாதிரி திரும்பும்போது உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்றுகிற வசதி இருக்காது. மண்ணில் ஒரு சக்கரம் வழுக்கிக் கொடுத்துச் சமாளித்துவிடும். தார் ரோடு பிடித்துக்கொள்ளும், வழுக்க விடாது. விளைவு, திரும்பவேண்டிய இடத்தில் வண்டி நேராகப் போகும், அல்லது வெடுக்கென்று சாயும். கவிழ்ந்தால் அத்தனை எடையும் ஓட்டுபவர் மேல்.

இது ஏதோ நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை பாஸ். அமெரிக்காவில் 1970, 80களில் மூணு சக்கர ஏ.டி.வி. பெரிய மோகம். குழந்தைகள் உட்பட ஏராளமானோர் அடிபட்டு, செத்து, விஷயம் கோர்ட் வரை போனது. 1988ல் கம்பெனிகள் அரசோடு ஒப்பந்தம் போட்டு மூணு சக்கர வண்டி விற்பனையையே நிறுத்தின. பெரியவர்களுக்கான ஏ.டி.வி.யை 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்பதும் அப்போது வந்ததுதான்.

நாற்பது... வெறும் நாற்பது!

"மெதுவாத்தான் போனேன், நாற்பதுலதான் போனேன்" என்பது நம்ம தேசிய டயலாக். சரி, அந்த நாற்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மணிக்கு 40 கி.மீ. என்றால் நொடிக்கு 11 மீட்டர். குழந்தை குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் வண்டி 11 மீட்டர் தாண்டியிருக்கும். காய்ந்த சமதளத் தார் ரோட்டில் அதற்குப் பிறகு நிற்க இன்னொரு 9 மீட்டர். மொத்தம் 20. அதே வேகத்தில் ஈரமான இறக்கத்தில் வந்தால் தோராயமாக 40 மீட்டர் வேண்டும். மலைக் கிராமத்துத் தெருவில், அடுத்த வளைவு வருவதற்குள் 40 மீட்டர் எங்கே இருக்கிறது?

இன்னொரு கணக்கு. 40 கி.மீ. வேகத்தில் போய்ச் சுவரில் மோதுவதும், சுமார் 20 அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதும் வேகக் கணக்கில் ஒன்றுதான். ரெண்டு மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து குதிக்கச் சொன்னால் குதிப்போமா? 'நாற்பதுலதான் போனேன்' என்பதற்கு அர்த்தம் அதுதான்.

குடியிருப்புத் தெருக்களில் வேகம் 30ஐத் தாண்டக் கூடாது என்று 2020ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடு சும்மா சொல்லவில்லை. நடப்பவரும் வண்டியும் கலந்து புழங்குகிற இடத்தில் அதுதான் எல்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ல் இந்தியச் சாலைகளில் செத்துப்போன 18 வயதுக்குட்பட்டவர்கள் 9,528 பேர். ஒரு நாளைக்கு 26 பேர். அதாவது ஒவ்வொரு நாளும் அரை வகுப்பறை காலி. அதே வருஷம் ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் மட்டும் 50,029 பேர்.

சாவி கொடுத்தவன் கதை

"ஊருக்குள்ளதானே ஓட்டுறான், மெயின் ரோட்டுக்கா போறான்?" இதுவும் அடிக்கடி கேட்கிற வசனம். சட்டத்தில் அப்படி ஒரு சலுகை கிடையாது. மக்கள் புழங்க உரிமை உள்ள எந்த வழியும் பொது இடம்தான். அது நாலுவழிச் சாலையாக இருந்தாலும் சரி, ரெண்டு ஆள் அகலச் சந்தாக இருந்தாலும் சரி.

கியர் வண்டி ஓட்ட 18 வயது முடிந்திருக்க வேண்டும். 16 வயதில் ஓட்டலாம் என்பது 50 சி.சி.க்குள் உள்ள வண்டிக்கு மட்டும், அதுவும் லைசென்ஸோடு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது அடுத்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் ஒரு புதுப் பிரிவு சேர்த்தார்கள். 199ஏ. அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மைனர் பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், குற்றவாளியாகக் கருதப்படுவது அவனுடைய பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர்! மூணு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. 'எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்' என்றோ, 'தடுக்க எல்லா முயற்சியும் செய்தேன்' என்றோ நிரூபித்தால்தான் தப்பிக்கலாம். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு விசில் அடித்தவன் எதை நிரூபிப்பான்?

இதைப் படிக்கிற உங்களுக்கு வயது 18 தாண்டியிருக்கும். பைக் உங்கள் பெயரில் இருக்கும். இப்போது புரிகிறதா, சட்டம் யாரைத் தேடி வரும் என்று?

அந்தப் பையனுக்கும் தண்டனை உண்டு. 25 வயது வரை அவனுக்கு லைசென்ஸும் கிடையாது, எல்.எல்.ஆரும் கிடையாது. நகரத்துப் பையனுக்கு இது ஒரு தொந்தரவு. ஆனால் மேல்மலைக் கிராமத்துப் பையனுக்கு? அவன் நாளைக்குப் பிக்கப் வண்டியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டியவன். டூரிஸ்ட் டாக்ஸி ஓட்ட வேண்டியவன். ஏழு வருஷம் லைசென்ஸ் இல்லை என்றால் ஏழு வருஷப் பிழைப்பு போச்சு. நாங்கள் அவனுக்கு ஒரு ரவுண்டு இலவசமாகக் கொடுத்ததாக நினைத்தோம். விலை எவ்வளவு என்று பார்த்தீர்களா?

லைக் வாங்கித் தந்த கேஸ்

இந்த மோகத்தைப் பற்றவைப்பது யார்? பதில் உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறது, செல்போன்.

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்யப்போய் விழுந்து கையை உடைத்துக்கொண்டார் யூடியூபர் டி.டி.எஃப்.வாசன். கைது, வழக்கு. ஜாமீன் கேட்டுப் போனபோது சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது மட்டுமில்லாமல், அந்த பைக்கைக் கொளுத்த வேண்டும் என்கிற அளவுக்குக் கடுமையாகப் பேசியது. அவருடைய லைசென்ஸ் பத்து வருஷத்துக்கு, 2033 வரை ரத்து. நீதிமன்றத்தின் கோபத்துக்குக் காரணம், அவரைப் பார்த்துக் கெடுகிற பள்ளிக்கூடப் பசங்க.

2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசு கார் மோதி இரண்டு இளம் இன்ஜினீயர்கள் செத்தார்கள். 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி முதலில் ஜாமீன் கொடுத்தபோது நாடே கொதித்தது. அந்த வழக்கில் பையனின் அப்பாவும் கைதானார்.

நம்ம மலைக்கு அந்தப் பக்கம் வாங்க. கிளாவரையைத் தாண்டினால் கேரளாவின் இடுக்கி மாவட்டம். அங்கே வாகமண்ணில் 2022ல் அனுமதி இல்லாமல் நடந்த ஆஃப்-ரோடு நிகழ்ச்சியில் ஜீப் ஓட்டிய நடிகர் ஜோஜு ஜார்ஜ் அபராதம் கட்ட வேண்டி வந்தது. 2025 ஜூலையில், விபத்துகளுக்குப் பிறகு, மாவட்ட நிர்வாகம் ஜீப் சஃபாரிக்கே தற்காலிகத் தடை போட்டது. ஜீப் ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. சிலர் செய்த அலட்சியத்துக்கு ஊரே பட்டினி.

அப்போ ஆஃப்-ரோடே தப்பா?

கண்டிப்பாக இல்லை. சி.எஸ்.சந்தோஷ் பெங்களூருக்காரர். டக்கார் ராலியை முழுசாக முடித்த முதல் இந்தியர், 2015ல். கேரளாவின் ஹரித் நோவா 2024 டக்காரில் ராலி-2 பிரிவில் முதலிடம். ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019ல் பெண்களுக்கான பாஹா உலகக் கோப்பையைத் தட்டி வந்தார். இவர்களெல்லாம் மண்ணில் வண்டி ஓட்டித்தான் ஹீரோ ஆனார்கள்.

ஆனால் அவர்கள் உடம்பைப் பாருங்கள். ஹெல்மெட், கண்ணாடி, மார்புக் கவசம், முழங்கால் கவசம், கணுக்காலைத் தாண்டிய பூட்ஸ். தடத்தில் குறுக்கே குழந்தை வராது, மாடு வராது. மேலே ஹெலிகாப்டர் தயாராக நிற்கும். அப்படி இருந்தும் 2021 டக்காரில் விழுந்த சந்தோஷுக்குத் தலையில் அடி. ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குத் தூக்கிப்போய், மருந்து கொடுத்து மயக்கத்திலேயே வைத்துக் காப்பாற்றினார்கள்.

கவுஞ்சித் தெருவில் விழுகிற பையனுக்கு எந்த ஹெலிகாப்டர் வரும்? கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கே வளைந்து வளைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல். பனி இறங்கினால் இன்னும் கூட. தலையில் பெரிய அடி என்றால் அங்கிருந்து தேனிக்கோ மதுரைக்கோ மலை இறங்க வேண்டும். விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என்கிறார்கள் டாக்டர்கள். மேல்மலையில் அந்தப் பொன் முழுவதும் ரோட்டிலேயே கரைந்துவிடும்.

அப்பா பக்கமும் ஒரு நியாயம்

ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். காட்டிலிருந்து மூட்டையை ரோட்டுக்குக் கொண்டுவர ஒரு கை வேண்டும். பஸ் நினைத்த நேரத்துக்கு வராது. கூலி ஆள் கிடைப்பதில்லை. அதனால் பதிமூணு வயதிலேயே பையன் கையில் வண்டி வந்துவிடுகிறது. அது விளையாட்டு இல்லை, வேலை. இந்த உண்மையை ஒப்புக்கொள்ளாமல் 'மைனர் ஓட்டக் கூடாது' என்று போர்டு மட்டும் வைத்தால் ஒன்றும் நடக்காது. மலைக் கிராமத்துக்குக் கூடுதல் பஸ், 18 முடிந்ததும் பக்கத்திலேயே லைசென்ஸ் முகாம், இதெல்லாம் கேட்டு வாங்க வேண்டியவை.

ஆனால் வேலைக்கு ஓட்டுகிற அந்தக் கையை சாகசத்துக்கு முறுக்கச் சொல்லிக் கொடுப்பது யார்? வெளியூர் நம்பர் பிளேட்டோடு வருகிற நாம்தான். மூட்டை ஏற்றிப் போகும்போது அவன் பதினைந்தில்தான் போவான். நாம் வந்து முறுக்கிக் காட்டிவிட்டுப் போன மறுநாள் அவன் எத்தனையில் போவான்?

அடுத்த ட்ரிப்புக்கு முன்னாடி...

* பைக் உங்களுடையது என்றால் சாவியும் உங்களுடையது. தம்பி, தம்பியின் ஃப்ரெண்ட், வழியில் பார்த்த சின்னப்பையன், யார் கெஞ்சினாலும் 'நோ'.

* வீடுகள் ஆரம்பிக்கிற இடத்தில் ரெண்டாவது கியர். பூண்டு காய்கிற தெரு, உங்கள் ரேஸ் டிராக் இல்லை.

* சைலன்சரை மாற்றி அலறவிடாதீர்கள். வண்டியின் கம்பெனி வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019லேயே சொல்லிவிட்டது.

* ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், பின்னால் உட்காருபவருக்கும். பெரியவர்கள் ஹெல்மெட்டைச் சின்னப் பையனுக்கு மாட்டினால் அது விழும்போது முதலில் கழன்று ஓடும்.

* மண் ரோட்டு ஆசை என்றால் முறையான பயிற்சித் தடத்துக்குப் போங்கள். சோலைக்காட்டிலும் புல்வெளியிலும் சக்கரம் இறக்குவது வனக்குற்றம். கொடைக்கானல் காடுகள் 2013லிருந்து வனவிலங்கு சரணாலயம்.

* யாராவது அடிபட்டுக் கிடந்தால் தயங்காமல் 108. உதவி செய்பவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்று சட்டமே பாதுகாப்பு தருகிறது. தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

போன மாதம் என் சித்தி பையன் வீட்டுக்கு வந்திருந்தான். பத்தாவது. வாசலில் நின்ற என் பைக்கைத் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு அதே குரல், அதே வார்த்தை.

"அண்ணே... ஒரே ஒரு ரவுண்டு."

சட்டைப்பையில் இருந்த சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "பின்னாடி ஏறு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். மூஞ்சி தொங்கிப்போச்சு. ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன், முனகிக்கொண்டே மாட்டினான். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தோம்.

அப்பத்தா, இப்போ கேளு. எனக்கு எத்தனை வயசுன்னு தைரியமாச் சொல்றேன்!